மூன்று டெய்லர்களும் ஒரு கசெற்றும்

வாசகர் கேள்வி – பதில்

"நீங்கள் நேரில் பார்த்ததிலேயே மறக்க முடியாத கச்சேரி எது?" என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2004 ஏப்ரலில் லண்டன் வெம்பிளி அரீனாவில் டுரான் டுரான் என்ற பிரிட்டிஷ் பொப் குழுவின் பழைய ஐந்து பேரும் மறுபடி சேர்ந்து பாடியதுதான் என்று பதில் எழுதினேன். அவர்களுடைய 'ரியோ' கசெற் 1983 ஜூலைக் கலவரத்தில் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டோடு எரிந்துபோனதையும் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். மொத்தம் நாலு வரி. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. விசா, மாமியார், முடி உதிர்வு எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். இந்தப் பாட்டுகள் பிடிக்காதவர்கள் நேரே ராசிபலன் பக்கத்துக்குப் போகலாம்.

ஒரே குழுவில் மூன்று டெய்லர்களா? அண்ணன் தம்பிகளா, இல்லை தையல்கடை வைத்திருந்தார்களா?
– கேசட் காலத்து ஆள், கோயம்புத்தூர்

இந்தப் பகிடியை எங்கள் சித்தப்பா 1983இலேயே சொல்லி முடித்துவிட்டார் ஐயா. ஜோன் டெய்லர் பேஸ் கிற்றார், ரோஜர் டெய்லர் டிரம்ஸ், அன்டி டெய்லர் கிற்றார். மூவருக்கும் சொந்தமில்லை. முதல் இருவரும் பர்மிங்ஹாம்காரர்கள். அன்டி வடகிழக்கே நியூகாசில் பக்கம், கடலோர ஊர். 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தவர். 1978இல் குழுவைத் தொடங்கியவர்கள் ஜோனும் கீபோர்ட் வாசிக்கும் நிக் ரோட்ஸும். பாடகர் சைமன் லெ போன் வந்தது 1980இல். பர்மிங்ஹாமில் 'ரம் ரன்னர்' என்ற கிளப்பில் வேலை செய்த பழைய காதலி ஒருத்தி சொல்லித்தான் வந்தார். வந்த அன்று போட்டிருந்தது சிறுத்தைப் புள்ளி போட்ட ரோஸ் நிறக் காற்சட்டை. அதைப் பார்த்த பிறகும் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ளலாம்.

தையலைப் பற்றிக் கேட்டீர்களே, 'ரியோ' வீடியோவில் அவர்கள் போட்டுக்கொண்டு வரும் பட்டுக் கோட்டுகளைத் தைத்தவர் அன்டனி பிரைஸ் என்ற வடிவமைப்பாளர். டெய்லர்கள் மூவரும் ஊசியில் நூல் கோத்ததாகத் தகவல் இல்லை.

'டுரான்' என்று ஒரு தடவை சொன்னால் போதாதா?
– இரட்டைக்கிளவி, தஞ்சாவூர்

'பார்பரெல்லா' என்ற 1968ஆம் ஆண்டுப் படத்தில் டாக்டர் டுராண்ட் டுராண்ட் என்றொரு பாத்திரம். அதிலிருந்து எடுத்தது. நீங்களே இரட்டைக்கிளவி என்று பெயர் வைத்துக்கொண்டு இதைக் கேட்கலாமா?

'சேவ் எ பிரேயர்' வீடியோவில் சிகிரியாவைப் பார்த்த ஞாபகம். உண்மையா, அல்லது நான் கனவு கண்டேனா? 'ரியோ' வீடியோவும் இலங்கையில் எடுத்ததுதான் என்று என் கணவர் பந்தயம் கட்டுகிறார்.
– வாசகி, தெஹிவளை

கனவில்லை தங்கச்சி. பந்தயத்தில் உங்கள் கணவருக்குத் தோல்வி. 'ரியோ' எடுத்தது கரிபியன் கடலில் உள்ள அன்ரிகுவா தீவில்.

இலங்கைக்கு வந்தது 1982 ஏப்ரலில். அவுஸ்திரேலியாவில் கச்சேரிகள் இருந்தன. போகிற வழியில் இறங்கி, ரஸல் மல்கஹி என்ற இயக்குநரோடு மூன்று பாட்டுகளை எடுத்தார்கள். 'ஹங்ரி லைக் த வுல்ஃப்' பாட்டில் வரும் சந்தை காலியில் எடுத்தது. 'சேவ் எ பிரேயர்' பாட்டில் சிகிரியாக் குன்றின் உச்சி ஹெலிகொப்டரிலிருந்து தெரியும். பொலன்னறுவையின் கல் விகாரை, தென் கரையோரக் கடல் எல்லாம் வரும். விகாரையில் செருப்பைக் கழற்ற வேண்டும் அல்லவா? ஏப்ரல் மாதத்துப் பொலன்னறுவைக் கல்லில் வெறுங்காலோடு நின்றால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், பர்மிங்ஹாமுக்குத் தெரியாது. அன்டி படப்பிடிப்பில் அழுக்குத் தண்ணீரை விழுங்கி, ஊர் திரும்பியபின் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

நான் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் சிகிரியா ஏறியது அதற்கு முந்தின வருடம். பாதி வழியில், சிங்கக் கால்களுக்குக் கீழே இருந்துகொண்டு ரீச்சரிடம் இனி என்னால் முடியாது என்று அழுதவள் நான். 1986இல் லண்டனுக்கு வந்து சித்தப்பா வீட்டு டெக்கில் அந்த வீடியோவை முதன்முதலாகப் பார்த்தபோது, நான் ஏறாமல் விட்ட உச்சியில் இவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். சரியான கோபம் வந்தது. பிறகு 'திரும்பப் போடுங்கோ' என்று மூன்று தடவை பார்த்தேன். அதில் வரும் கடற்கரையில் ஆட்கள் சும்மா நடந்து போவார்கள். கலவரத்துக்குப் பதினைந்து மாதங்களுக்கு முந்தின தீவு அது. எங்கள் குடும்பத்திடம் அந்த வருடத்துப் படம் ஒன்றுகூட இல்லை. ஆல்பங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. அதனால் எனக்கு 1982 என்றால் ஒரு வெள்ளைக்காரக் குழு எடுத்துவைத்த சில நிமிடம்தான்.

கோயில் எல்லாம் காட்டுகிறார்கள், பெயரிலும் 'பிரேயர்' இருக்கிறது. 'சேவ் எ பிரேயர்' பக்திப் பாட்டா?
– பஜனை மண்டலி, சேலம்

எங்கள் அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்! கசெற் அட்டையில் சிவப்பு உதட்டோடு சிரிக்கும் பெண்ணின் படத்தைப் பார்த்து முகம் சுளித்தவர், பாட்டில் 'பிரேயர்' என்று வந்ததும் "பரவாயில்லை, கும்பிடுகிற பாட்டு" என்று விட்டுவிட்டார். அது ஒரே ஒரு இரவுக்குச் சந்தித்துப் பிரிகிறவர்களைப் பற்றிய பாட்டு. அம்மா இருக்கும்வரை நாங்கள் திருத்தவில்லை. நீங்களும் பஜனையில் சேர்த்துவிடாதீர்கள்.

ஒரு சின்னத் திருத்தம். டுரான் டுரான் 'மறுபடி சேர்ந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழு கலைக்கப்படவே இல்லையே? 1993இல்கூட 'ஆர்டினரி வேர்ல்ட்' என்று பெரிய ஹிட் கொடுத்தார்கள்.
– நூலகன், திருச்சி

நூலகரிடம் மாட்டிக்கொண்டேன். நீங்கள் சொல்வது சரி. 1985 ஜூலை 13, லைவ் எய்ட் நிகழ்ச்சி, பிலடெல்பியா. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி சேர்க்க லண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்த கச்சேரி. ஐந்து பேரும் சேர்ந்து மேடையேறிய கடைசி நாள் அது. அன்று அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது அவர்கள் பாடிய ஜேம்ஸ் பாண்ட் பாட்டு. அன்றைக்கென்று பார்த்து அதே பாட்டின் உச்சத்தில் லெ போனின் குரல் கிறீச்சிட்டுப் பிசகியது. அதைத்தான் இன்றைக்கும் போட்டுக் காட்டுகிறார்கள், பாவம். மறுவருடம் ரோஜர் களைத்துப்போய் நாட்டுப்புறத்துப் பண்ணை வீட்டுக்குப் போய்விட்டார். அன்டியும் விலகினார். 1997இல் ஜோனும் போனார். ரோட்ஸும் லெ போனும் மட்டும் கடைசிவரை கடையைப் பூட்டவில்லை. அவர்களோடு பதினைந்து வருடம் கிற்றார் வாசித்த வாரன் குக்குரூலோ, அமெரிக்க ரொக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவிடம் இருந்து வந்தவர். விரல் வேகத்தில் அவர் அன்டியைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். 'ஆர்டினரி வேர்ல்ட்' தொடக்கத்தில் வரும் அந்த கிற்றார் அவருடையதுதான்.

ஆனால் ஐயா, ஒரு குழு இருக்கிறதா இல்லையா என்பதை எல்லோரும் பாடகரை வைத்துச் சொல்கிறார்கள். நான் பேஸையும் டிரம்ஸையும் வைத்துச் சொல்வேன். தவில் மாறினால் அதே நாதஸ்வரம் வேறு கச்சேரி ஆகிவிடுகிறது, இல்லையா? ஜோனும் ரோஜரும் பதின்ம வயதில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்ந்து பழகியவர்கள். 'ரியோ' பாட்டில் பேஸ் ஒரு இடத்தில் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். ரோஜர் அதற்கு இடம் விட்டு, அடக்கமாக அடித்துக்கொண்டு போவார். அந்த நடையை வேறு யாரும் கொண்டுவரவில்லை. ஆகவே குழு 1985இல் நின்றது, 2003இல் மறுபடி தொடங்கியது என்பதுதான் என் கணக்கு. நூலகத்தில் நீங்கள் உங்கள் கணக்குப்படி அடுக்கிக்கொள்ளுங்கள்.

ரோஜர் டெய்லர் 'குயீன்' குழுவின் டிரம்மர் அல்லவா? இவர்களோடு எப்போது சேர்ந்தார்?
– வாசகர், பினாங்கு

அவர் வேறு ரோஜர் டெய்லர். இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே வாத்தியம். லைவ் எய்ட் அன்று ஒருவர் லண்டனில் அடித்தார், மற்றவர் பிலடெல்பியாவில் அடித்தார். தபால்காரனுக்குத்தான் கஷ்டம்.

அக்கா, நானும் 2004இல் வெம்பிளியில் இருந்தேன்! எந்த நாள் போனீர்கள்? எனக்கு அந்தத் தொடக்கம் இன்னும் மறக்கவில்லை. உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.
– வாசகர், ஹரோ

தம்பி, வெம்பிளி அரீனாவில் மட்டும் ஐந்து இரவுகள், ஐந்தும் நிறைந்துபோனவை. எந்த இரவு என்று தேதி சொல்லத் தெரியவில்லை. ரிக்கற்றை அக்கா ரொறன்ரோவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் அதற்கென்றே பறந்து வந்தாள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது, எனக்கு முப்பத்தாறு. பிள்ளைகளை என் கணவரிடம் விட்டுவிட்டு, பின்னேரமே கிளம்பி ஈலிங் வீதியில் தோசை சாப்பிட்டோம். சாப்பிடும்போதே சண்டை தொடங்கிவிட்டது. ரிக்கற்றைப் பதிவு செய்தது நான். இரண்டு இருக்கையும் பக்கத்துப் பக்கத்தில் என்றுதான் தொலைபேசியில் சொன்னார்கள். வந்து சேர்ந்தவை முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையில். "பதினெட்டு வருசம் காத்திருந்தது உன்ரை முதுகைப் பாக்கவோ?" என்றாள் அக்கா. கடைசியில் முன் இருக்கை அவளுக்கு.

உள்ளே போனால் எங்கே பார்த்தாலும் எங்கள் வயதுப் பெண்கள். 1983இல் சுவரில் படம் ஒட்டியவர்கள், இப்போது பொட்டலம் பொட்டலமாகச் சிப்ஸ் வைத்துக்கொண்டு, வசதியான செருப்போடு. முதலில் சிஸர் சிஸ்டர்ஸ் என்ற குழுவினர் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள், யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. பிறகு இருட்டு. இதயம் துடிக்கிற மாதிரி ஒரு ஒலி. ஐந்து பேரும் நடந்து வந்து மேடையின் முன் விளிம்பில் ஒரே வரிசையில் நின்றார்கள். வாத்தியம் இல்லை, பேச்சும் இல்லை. சும்மா நின்று எங்களைப் பார்த்தார்கள். நீங்கள் சொல்லும் தொடக்கம் அதுதானே?

அந்த நிற்பை என்னால் விளக்க முடியவில்லை. பாட்டு தொடங்காமலே கூரை பெயர்கிற சத்தம். எனக்கு முன்னால் அக்காவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று தெரிந்து, தட்டிக் கொடுக்கக் கையை நீட்டினேன். பிறகு விட்டுவிட்டேன். அப்புறம் 'ஃப்ரெண்ட்ஸ் ஒஃப் மைன்' தொடங்கியது. பாடகரின் குரல் வந்தது எனக்கு நினைவில்லை. காலுக்குக் கீழே தரை அதிர்ந்ததுதான் நினைவிருக்கிறது. ரோஜர்! எங்கள் வீட்டில் ஜோன் அக்காவுடையவர், அதை யாரும் தொடக்கூடாது. எனக்கு மிச்சமிருந்தவர் பின்னால் மறைந்திருந்து வாசிக்கிற, சிரிக்கவே கூச்சப்படுகிற இந்த மனிதர். பண்ணையில் இருந்து திரும்பி வந்து, நேற்றுத்தான் எழுந்து போனவர் மாதிரி அடித்துக்கொண்டிருந்தார்.

'சேவ் எ பிரேயர்' வந்தபோது ஆட்கள் லைட்டர்களைத் தூக்கிப் பிடித்தார்கள், சிலர் கைத்தொலைபேசிகளையும். அக்கா திரும்பி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை. வாயசைவில் 'சிகிரியா' என்று எனக்குப் பட்டது. வெளியே வந்து கேட்டதற்கு, "தண்ணி போத்தலைத் தா எண்டு கேட்டனான்" என்கிறாள்.

'ரியோ'வோடு முடித்தார்கள். கடைசிப் பாதாள ரயிலில் நூறு பெண்கள் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு போனோம்.

எனக்கு வயது 21. யூடியூபில் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. ஆனால் வயதானவர்கள் பழைய பாட்டையே திரும்பப் பாடி வசூல் பண்ணுவதுதானே இந்த ரீயூனியன் எல்லாம்? கோபிக்காதீர்கள்.
– மாணவி, மதுரை

கோபமில்லை மகள். வசூலும் உண்டு, யார் இல்லையென்றது? ஆனால் இவர்கள் தொடங்கிய விதத்தைக் கேளுங்கள். 2001இல் ஐந்து பேரும் பிரான்சின் தென்கரையில் சான் ட்ரோபேயில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, புதுப் பாட்டுகள் எழுத உட்கார்ந்தார்கள். இசைத்தட்டு நிறுவன ஒப்பந்தம் கையில் இல்லை. சொந்தக் காசு. பழைய பாட்டை மட்டும் பாடிச் சம்பாதிக்க நினைப்பவர்களுக்கு அது தேவையில்லாத செலவு. 2003 ஜூலையில் ஜப்பானில் மேடையேறினார்கள். வரவேற்பைப் பார்த்த பிறகுதான் நிறுவனங்கள் கதவைத் திறந்தன. 'அஸ்ட்ரோநாட்' இசைத்தொகுப்பு 2004 அக்டோபரில் வந்து, பிரிட்டனில் மூன்றாம் இடம் பிடித்தது. உண்மையைச் சொன்னால் அதில் பாதிதான் தேறும். ஆனால் முதல் பாட்டு 'சன்ரைஸ்' என்னுடைய சமையலறையில் இன்றைக்கும் ஓடுகிறது. உங்கள் வயதில் அவர்கள் எழுதியதைவிட மோசம் என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு அன்டிக்கு என்ன ஆனது? உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன்.
– வாசகி, பாரிஸ்

ஐவர் கூட்டு அதிக நாள் நிலைக்கவில்லை. 2006 அக்டோபரில் அன்டி மறுபடி பிரிந்தார். அவரோடு பதிவு செய்த ஒரு முழுத் தொகுப்பு வெளிவராமலே கிடக்கிறது. 2022 நவம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸில் ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம் கௌரவம் கொடுத்தபோது, ஐந்து பேரும் ஒரே மேடையில் நிற்கப்போகிறார்கள் என்று காத்திருந்தோம். நாலு பேர்தான் வந்தார்கள். அன்டி எழுதிய கடிதத்தை லெ போன் வாசித்தார். புரொஸ்டேட் புற்றுநோய், நான்காம் நிலை, நாலு வருடமாகவே தெரியும் என்று அதில் இருந்தது. அந்தக் காணொளியை நான் பாதியில் நிறுத்திவிட்டேன், மறுநாள்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.

நல்ல செய்தியும் உண்டு. 2023இல் வந்த 'டான்ஸ் மக்காப்ர' தொகுப்பில் அவர் கிற்றார் வாசித்திருக்கிறார். இன்னொரு விருந்தாளியாக அதே தொகுப்பில் வாரன் குக்குரூலோவும். பழைய பங்காளிகள் இருவரும் ஒரே பந்தியில்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர் எங்கே தொடங்குவது?
– வாசகர், மட்டக்களப்பு

'ரியோ'. ஒன்பது பாட்டுகள். கடைசியில் உள்ள 'த ஷோஃபர்' இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டியது.

பக்கத்தை முடித்து அனுப்பப் போகும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் இது வந்தது. கேள்வி இல்லை என்றாலும் போடாமல் இருக்க முடியவில்லை:

எடியே, போன மாசப் புத்தகம் இண்டைக்குத்தான் கையிலை கிடைச்சது. கசெற் வீட்டோடை எரிஞ்சது எண்டு ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதிப்போட்டாய். அது எரியேல்லை. ஜூன் மாசமே நான் அதை என்ரை வகுப்புப் பெட்டை ஒருத்திக்குக் கேக்கக் குடுத்தனான். நீ கத்துவாய் எண்டு சொல்லேல்லை. பிறகு எல்லாம் நடந்து முடிஞ்சாப் பிறகு சொல்லி என்ன? அவள் இப்ப மெல்பேணிலை இருக்கிறாள்.
– அக்கா, ரொறன்ரோ

நாற்பது வருடத்துக்கு மேலாக! கலவரத்துக்குப் பிறகு காங்கேசன்துறைக்குப் போன அகதிக் கப்பலில் நான் அந்தக் கசெற்றுக்காக அழுதபோது பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினவள் நீதானே?

அவளுடைய நம்பரை அனுப்பு.